அடிமாட்டுக் கணக்கு

மாட்டுப் பால் கறப்பதைப் பற்றி முன்னாடி ஒரு பதிவு போட்டேன் இல்லையா, அதைப் படிச்சுட்டு சென்னையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க: "அண்ணா, பால் வத்திப்போன மாட்டை என்ன பண்ணுவீங்க?" நல்ல கேள்வி. மாடு வளர்க்கிறவங்க யாரும் வெளியாள் கேட்டா நேரா பதில் சொல்ல மாட்டோம். "வித்துருவோம்" என்று சொல்லி நிறுத்திக்குவோம். யாருக்கு என்று அடுத்த கேள்வி வந்தா பேச்சை மாத்திருவோம். இன்னிக்கு மாத்தாம சொல்லிப் பார்க்கிறேன்.

அடிமாட்டுக்குத்தான் விக்கிறோம். வேற யார் வாங்குவா?

நகரத்துல இருக்கிறவங்களுக்குச் சில விஷயம் தெரிஞ்சிருக்க நியாயமில்லை. மாடு கன்னு போட்டாத்தான் பால். வருஷத்துக்கு ஒரு கன்னு, தப்பினா ஒன்றரை வருஷத்துக்கு ஒண்ணு. பிறக்கிறதுல பாதி காளைக்கன்னு. சமவெளியில ஒரு காலத்துல அதுக்கு ஏர் இருந்தது, வண்டி இருந்தது, கமலை இருந்தது. எங்க நெல்லியாளத்துல தேயிலைச் சரிவு. ஏர் பூட்ட இடமும் இல்லை, ஜெர்சி கலப்புக் காளையைப் பூட்டுகிற ஆளும் இல்லை. நாடு முழுக்க இதே கதைதான். 2012-க்கும் 2019-க்கும் நடுவில் எடுத்த கால்நடைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டுப் பாருங்க. பசு இனத்துல பெண் மாடுகள் சுமார் 18 சதவீதம் கூடியிருக்கு, ஆண் மாடுகள் சுமார் 30 சதவீதம் குறைஞ்சிருக்கு. அந்த 30 சதவீதம் எங்கே போச்சு என்று உங்க காலைக் காபிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்க தொழுவத்துல இப்போ லட்சுமின்னு ஒரு கிழவி இருக்கா. எட்டு ஈத்து போட்டவ. ரெண்டு வருஷமா சினை ஊசி போட்டும் நிக்கலை. அவளை விக்கக் கூடாதுன்னு வீட்டுக்காரி சொல்லிட்டா, அதனால இருக்கா. தோட்டத்துல மிளகும் கொஞ்சம் காப்பியும் இருக்கிறதால எங்களால முடியுது. ரெண்டு வீடு தள்ளி இருக்கிற அக்காவால முடியாது. அவங்க பச்சைத் தேயிலை பறிக்கக் கூலிக்குப் போறவங்க. ஒரே ஒரு மாடு. அது பால் மறுத்துச்சுன்னா அதை வித்த காசுதான் அடுத்த மாட்டு விலையில மூணுல ஒரு பங்கு. அதை விக்க முடியலைன்னா அடுத்த மாடு கிடையாது. கறக்காத மாட்டுக்குத் தீனியும் போட முடியாது. மழைக்காலத்துல புல் கிடைக்குமேன்னு நினைக்காதீங்க. களைக்கொல்லி அடிச்ச தேயிலைக்குள்ள புல் அறுத்துப் போட்டா மாட்டுக்கு ஆகாது.

இப்போ 2017-க்கு வர்றேன். அந்த வருஷம் ஜனவரியில மெரினாவுல கூடின கூட்டத்தை மறந்திருக்க மாட்டீங்க. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டிருந்தது. வழக்கை நடத்தினது இந்திய விலங்குகள் நல வாரியம், கூடவே பீட்டா. தடையை எதிர்த்து ஐ.டி. கம்பெனி பசங்கள்லாம் கடற்கரையில ராத்திரி பகலா உட்கார்ந்தாங்க. சட்டசபை ஜனவரி 23-ல் திருத்தம் கொண்டு வந்தது. அது செல்லும்னு 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வும் சொல்லிருச்சு. சந்தோஷம். ஆனா எங்க பக்கம் ஜல்லிக்கட்டு இல்லை. எங்களைத் தொட்ட விஷயம் அதே 2017-ல் நாலு மாசம் கழிச்சு வந்தது. அதுக்கு மெரினா கூடலை.

மே 23-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கால்நடைச் சந்தை விதிகள்னு ஒண்ணு வெளியிட்டது. 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதி. சந்தையில மாட்டை வெட்டுக்கு விக்கக் கூடாது. வெட்டுக்கு இல்லைன்னு விக்கிறவர் எழுதிக் கொடுக்கணும். வாங்குறவர் தான் விவசாயின்னு ஆதாரம் காட்டணும், ஆறு மாசத்துக்கு மறுபடி விக்கக் கூடாது. விற்பனை ரசீது அஞ்சு பிரதி. ஒண்ணு தாலுகா ஆபீசுக்கு, ஒண்ணு கால்நடை அதிகாரிக்கு. கொம்புக்கு வர்ணம் பூசுறதும் அலங்காரப் பொருள் போடுறதும்கூட கொடுமைப் பட்டியல்ல இருந்தது. மாட்டுப் பொங்கல் கொண்டாடுற நாட்டுல!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேற ஒரு வரி. மாநில எல்லையிலிருந்து 25 கிலோமீட்டருக்குள்ள மாட்டுச் சந்தையே இருக்கக் கூடாதாம். வரைபடத்தை எடுத்துப் பாருங்க. இந்தப் பக்கம் நாடுகாணி, அந்தப் பக்கம் சேரம்பாடி, பாட்டவயல், தாளூர். எங்க பந்தலூர் தாலுகா பூராவும் அந்த 25 கிலோமீட்டருக்குள்ளதான் வருது. கூடலூரும் அப்படித்தான். கேரளாவுக்கு மாடு போகிற பொள்ளாச்சிச் சந்தையும் தப்பாது. டில்லியில உட்கார்ந்து ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டவருக்கு, துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுற வியாபாரம் தெரியாது. மாடு மலை இறங்கி வழிக்கடவுப் பக்கம் போனாத்தான் எங்க அக்கா கைக்குக் காசு வரும்ங்கிறதும் தெரியாது.

நல்லவேளை, ஒரே வாரத்துல, மே 30-ல், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது. உணவுக்காக விலங்கை வெட்டுறதை அந்த 1960 சட்டமே குற்றமாச் சொல்லலை. தாய்ச் சட்டம் அனுமதிச்சதை அதுக்குக் கீழ வந்த விதி எப்படித் தடுக்கும்ங்கிறதுதான் வாதம். ஜூலையில உச்ச நீதிமன்றம் அந்தத் தடை நாடு முழுக்கப் பொருந்தும்னு சொன்னது. 2018-ல் வெட்டு விற்பனைத் தடை இல்லாத புது வரைவை அமைச்சகமே வெளியிட்டது. செய்தி அதோட பேப்பர்ல இருந்து போயிருச்சு.

விக்கிற வழி அடைபட்டா மாடு பிழைச்சுக்கும்னு நினைக்கிறாங்க. உத்தரப் பிரதேசத்தைப் பாருங்க. அங்க விவசாயி ராத்திரியெல்லாம் வயல்ல காவல் இருக்கான், அவுத்துவிட்ட மாட்டுக்கிட்ட இருந்து பயிரைக் காப்பாத்த. 2019 கணக்கெடுப்புல நாடு முழுக்கத் தெருவுல திரிஞ்ச மாடு சுமார் 50 லட்சம். எங்க பக்கம் அவுத்துவிட்டா தெருவுக்குக்கூடப் போகாது. சிறுத்தைக்குப் போகும்.

புலியைப் பற்றியும் சொல்லணும். 2021-ல் கூடலூர், மசினகுடிப் பக்கம் டி-23 என்ற புலி மாடுகளையும் ஆட்களையும் அடிச்சது. தேவன் எஸ்டேட்ல ஒருத்தர் செத்தப்போ ஜனம் ரோட்டுல உட்கார்ந்துருச்சு. கொல்லக் கூடாதுன்னு வழக்கு சென்னைக்குப் போச்சு. கடைசியில அக்டோபர் 15-ல் மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடிச்சு மைசூருக்குக் கொண்டு போனாங்க. உயிரோடு பிடிச்சது சரிதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த மூணு வாரமும் மாட்டை மேய்க்க வெளிய விட முடியாம தொழுவத்துல கட்டிப்போட்டு வெச்சிருந்தவங்க பாடு எந்த மனுவுலயும் வரலைன்னு இங்க எல்லாருக்கும் ஒரு வருத்தம் இருக்கு.

அதுக்காக விலங்குநல ஆட்கள் எல்லாருமே எதிரின்னு பேசுற எங்க ஆட்களோடயும் எனக்கு ஒத்துப்போகாது. இதே மலையில நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட, அடிபட்ட கழுதைக்குக் கட்டுப் போட மழையில நனைஞ்சு வர்ற டாக்டர்கள் இருக்காங்க. அந்த 1960 சட்டமே சென்னைக்காரங்க முயற்சி. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில தனிநபர் மசோதாவாக் கொண்டு வந்த பிறகுதான் அரசாங்கம் சட்டம் போட்டது. பிறகு அமைச்ச வாரியத்துக்கும் அவங்கதான் முதல் தலைவர். அந்தச் சட்டம் இல்லைன்னா இன்னிக்கு மாட்டை என்ன செஞ்சாலும் கேட்க ஆள் இருக்காது.

அப்புறம் எங்க பேரைச் சொல்லிப் பேசுற கம்பெனிகள். 2021-ல் தாவரப் பாலுக்கு மாறுங்கன்னு பீட்டா அமுலுக்குக் கடிதம் எழுதினப்போ, அமுலோட நிர்வாக இயக்குநர் ஆர்.எஸ். சோதி திருப்பிக் கேட்டார்: 10 கோடிப் பால் விவசாயிகள், அதுல 70 சதவீதம் நிலமில்லாதவங்க, அவங்களுக்கு யார் பிழைப்பு கொடுப்பா? கேள்வி நியாயம்தான், நானும் கை தட்டினேன். அமுல் கூட்டுறவு, அதனால அவர் வாயில அது பொருந்துது. அதே வாக்கியத்தை ஆயிரக்கணக்கில் கோழியைக் கூண்டுல அடைச்சு வெச்சிருக்கிறவரும் சொல்றார். தாள் அளவு இடத்துல நிற்கிற கோழிக்கும், பேர் வெச்சுக் கூப்பிட்டாத் திரும்பிப் பார்க்கிற எங்க அக்கா மாட்டுக்கும் என்ன சம்பந்தம்? அவங்களுக்குத் தேவைப்படும்போது மட்டும் நாங்க விவசாயி ஆயிடுறோம்.

எனக்குக் கேட்கத் தெரிஞ்சது சின்ன விஷயம். 1978-ஆம் வருஷத்து விதிப்படி ஒரு லாரியில ஆறு மாட்டுக்கு மேல ஏத்தக் கூடாது. மலை இறங்குற லாரியை நான் பார்த்திருக்கேன். கொம்பு கொம்போட சிக்கி, வாலை முறுக்கிக் கட்டி, கீழ விழுந்தது மேல நின்னது மிதிச்சு, இருபதுக்கு மேல இருக்கும். வித்தவனுக்கு அதைப் பார்க்கத் தைரியம் இருக்காது, வேற பக்கம் திரும்பிக்குவான். சந்தையை மூடு என்று கோர்ட்டுக்குப் போறதுக்குச் செலவழிக்கிற காசுல பாதியை வெச்சு, நாடுகாணி செக்போஸ்ட்ல ராத்திரி ரெண்டு பேர் நின்னு எண்ணினாப் போதும். அதுக்கு எந்த மாட்டுக்காரனும் கொடி பிடிக்க மாட்டான். ஆள் பத்தலைன்னா சொல்லுங்க, டார்ச் எடுத்துட்டு நானும் வர்றேன்.