முதற் சீட்டுக்கு முன்

சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே முகஞ் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே பலர். பொருளை வைத்தாடிக் குடியைக் கெடுத்தோரை அவர்கள் கண்டிருத்தலால் அவ்வெறுப்பு நியாயமானதே. எங்கள் பாட்டியாரும் அக்கருத்தினரே. ஆயினும் காசு மேசைமேல் வரலாகாது என்னும் நிபந்தனையின்பேரில், ஓர் ஆட்டத்திற்கு மட்டும் அவர் இசைவு தந்திருந்தார். அதுவே பிரிட்ஜ்.

இன்று உலகெங்கும் ஆடப்பெறும் கான்ட்ராக்ட் பிரிட்ஜ், 1925 ஆம் ஆண்டில் ஹாரல்டு வாண்டர்பில்ட் என்னும் அமெரிக்கர் பனாமாக் கால்வாய் வழியே கப்பலிற் செல்லுங்கால் வகுத்த முறையினின்றும் வளர்ந்தது. 2018 இல் ஜகார்த்தாவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், நம் நாட்டினரான பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார் என்னும் இருவர் இவ்வாட்டத்திற் பொற்பதக்கம் பெற்றனர். பர்தனுக்கு அப்பொழுது வயது 60. அச்செய்தியைத் தாத்தா பத்திரிகையினின்று கத்தரித்துப் பாட்டியாரிடம் காட்டியது எனக்கு நன்கு நினைவிருக்கிறது.

நால்வர் ஆடுவர், எதிரெதிரே அமர்வோர் கூட்டாளிகள். ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஒவ்வொருவரும் ஒரு சீட்டு இட, உயர்ந்ததை இட்டவர் அந்நான்கையும் எடுப்பது ஒரு பிடி. இத்தனை பிடி எடுப்போம் என்று முன்னரே கூறி ஏற்பது ஒப்பந்தம். ஒப்பந்தக்காரரின் இடப்பக்கத்தவர் முதற் சீட்டை இட்டதும், ஒப்பந்தக்காரரின் கூட்டாளி தம் சீட்டுகளை மேசைமேல் விரித்துவைத்துவிட்டு வாளாவிருத்தல் வேண்டும். அவருக்கு டம்மி என்று பெயர். இரண்டு கைச் சீட்டுகளையும் ஒப்பந்தக்காரரே ஆடுவார்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு நாள் மாலை, துருப்பில்லா ஆட்டத்தில் ஒன்பது பிடி எடுப்பதாக யான் ஏற்றேன். தாத்தா டம்மி. இடப்பக்கம் மாமா, வலப்பக்கம் அத்தை. மாமா இஸ்பேடு போட்டார். அதில் எம்மிடம் உயர்ந்த சீட்டு என் கையிலிருந்த ஆஸ் ஒன்றே. இரண்டு முறை விட்டுக்கொடுத்து மூன்றாம் முறை ஆஸை இட்டுப் பிடித்தேன். மாமாவிடம் இன்னும் இரண்டு இஸ்பேடு எஞ்சியிருந்தன.

பிடித்த இஸ்பேடு ஒன்று, டைமனில் மூன்று, கிளாவரில் மூன்று, ஹார்ட்டின் ஆஸ் ஒன்று. ஆக எட்டுப் பிடி உறுதி. ஒன்பதாவதற்கு வழி யாது? ஹார்ட்டினில் ஆஸும் ராணியும் என் கையில் இருந்தன, ராஜா வெளியே. டம்மியிலிருந்து சிறு ஹார்ட்டின் ஒன்றைப் போட்டு, ராஜா அத்தையிடம் இருக்கும் என்னும் நம்பிக்கையில் ராணியை இடுவதை ஆங்கிலத்திற் பினெஸ் என்பர். அதனைக் கற்ற புதிது எனக்கு. ஆகவே டைமன் ராஜாவால் டம்மிக்குச் சென்று, ஒரு கணமும் தாழ்க்காது ஹார்ட்டினைப் போட்டு ராணியை இட்டேன். மாமா ராஜாவை இட்டுப் பிடித்துத் தம் இரண்டு இஸ்பேடுகளையும் வரிசையாக வைத்தார். ஒரு பிடியால் தோற்றேன்.

அத்துணை நேரமும் தாத்தா வாய் திறக்கவில்லை, டம்மி பேசலாகாதன்றோ? ஆட்டம் முடிந்த பின்னர், சீட்டுகளை மீண்டும் பழையபடி பரப்பி, "தம்பி, கிளாவர் வெளியில் எத்தனை?" என்றார்.

எண்ணினேன். எம் இருவரிடமும் ஏழு, வெளியே ஆறு. அவை மாமாவிடம் மூன்று, அத்தையிடம் மூன்றாகவே இருந்தன! ஆஸ், ராஜா, ராணி மூன்றும் எம்முடையன. அவற்றை ஆடியிருப்பின் டம்மியின் நான்காவது சிறு கிளாவரே ஒன்பதாம் பிடியாகியிருக்கும்.

"ஆறு சீட்டு மூன்று மூன்றாகப் பிரிவது நூற்றுக்கு ஏறக்குறைய 36 முறை. பினெஸ் பலிப்பது 50 முறை. 50 பெரிது என்று அதை முதலில் எடுத்தாய். ஆனால் அது தவறினால் ஆட்டமே போயிற்று. கிளாவரை முதலிற் பார்த்திருந்தால், பிரியாவிட்டாலும் பிடி உன் கையை விட்டுப் போகாது. மூன்றாவதை டம்மியின் ஆஸால் பிடித்து, அங்கிருந்தே ஹார்ட்டினைப் போடலாம். 36 உடன் மிச்சம் 64 இல் பாதியும் சேர்ந்து 68 ஆகும். தவறினாலும் நட்டமில்லாத வழியை முதலிற் பார், தவறினால் மீள முடியாத வழியைக் கடைசிக்கு வை" என்றார்.

நிற்க. விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய இரண்டாம் வாரத்தில், தேர்வுக்கு முதல்நாள் இரவு, யான் குறிப்பெழுதி வைத்திருந்த யாப்பருங்கலக்காரிகைப் பிரதியைக் காணவில்லை. முந்தின நாள் மாலை என் மேசையில் அமர்ந்து படித்தவன் என் நண்பன் ஒருவன். நேரே அவன் அறைக்குச் சென்று, நால்வர் முன்னிலையில், "நீ எடுத்தாயா?" என்று கேட்டேன். "இல்லை" என்னும் ஒரு சொல்லுக்கு மேல் அவன் பேசவில்லை. ஒரு மணி நேரத்திற்குப் பின், என் பெட்டியில், மடித்த போர்வையின் கீழ் அப்புத்தகம் இருந்தது.

பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கு என்ன செலவு? கட்டிலின் அடியில், நூலகத்து மேசையில் தேடுவதற்கு என்ன நட்டம்? அவை யாவும் கிளாவர். யானோ முதலிலேயே ஹார்ட்டின் ராணியை இட்டுவிட்டேன். அதே தேர்வுக்காகத் திருக்குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரம் முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தவன் யான் என்பதை எண்ணுந்தோறும் நாணுகின்றேன்.

அன்றிரவே மன்னிப்புக் கேட்டேன். அவனும் மன்னித்தான், இன்றும் என்னோடு உண்கிறான், படிக்கிறான். ஆனால் முன்னெல்லாம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருபவன், இப்பொழுது தட்டிவிட்டு நிற்கிறான்.

தோற்ற ஆட்டத்திற்குப் பின் சீட்டைக் கலைத்து மறுபடியும் போடலாம். ஏனையவற்றிற்கு அவ்வசதி இல்லை. ஆதலின் நண்பர்களே, முதற் சீட்டை இடுமுன் சற்றே எண்ணுங்கள். எதிரே அமர்ந்திருப்பவர் நம் பிழையைக் கண்டும் வாய் திறவாதிருக்கக்கூடும்.