அம்மா கைக்கு ஒரு மெனு

சென்னை,
ஆனி மாதக் கடைசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. கோயம்புத்தூரில் உனக்கு வேலை உறுதியாகிவிட்டது என்று அம்மா போனில் சொன்னதிலிருந்து மனம் நிறைந்து கிடக்கிறது. அம்மாவுக்கும் பெருமைதான், ஆனாலும் ஒரு கவலை இருக்கிறது. ஆடி பிறந்தால் ஏலக்காய் எடுப்பு தொடங்கிவிடும், தை வரைக்கும் ஓயாது. நீ இல்லாமல் கணக்கு எப்படி நடக்கும் என்று கேட்டார். "லேப்டாப்பைத் தொறந்தா எங்க போறதுன்னே தெரியலப்பா, எல்லாம் இங்கிலீஷ்ல கெடக்கு" என்றார்.

அம்மாவுக்குக் கணக்கு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. காய் உலர்த்தும் ஸ்டோரில் இருந்து இறங்கும் மூட்டையைப் பார்த்தே எத்தனை கிலோ பச்சைக்காய் காய்ந்து இவ்வளவு வந்திருக்கும் என்று சொல்லிவிடுவார். ஐந்து கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ என்பது பொது வழக்கு. அம்மா அதையும் தாண்டி, மழைக்கால எடுப்பா வெயில்கால எடுப்பா என்று பார்த்துக் கூட்டிக் குறைத்துச் சொல்வார். நீ போட்டுக் கொடுத்த கணக்கு அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கிறார். தெரியாதது, அந்த அட்டவணைக்குப் போய்ச் சேரும் வழி மட்டும்தான். மெனுவைத் திறந்து, 'ஆபீஸ்' என்ற பிரிவுக்குள் போய், 'லிப்ரே ஆபீஸ் கால்க்' என்பதைத் தேர்ந்து, பிறகு ஃபைலைத் தேடி... இத்தனை படியும் ஆங்கிலத்தில். இந்தப் படிகளை எடுத்துவிட்டு, மெனுவைத் திறந்ததும் 'ஏலக்காய் கணக்கு' என்று தமிழில் ஒரு வரி நிற்கும்படி செய்ய முடியும். கோயம்புத்தூருக்குக் கிளம்புவதற்குள் அதை நீ செய்துவிட்டுப் போக வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நிற்காது. தாளாக இருந்தால் லேப்டாப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

அம்மாவிடம் விட்டுப்போகும் உன் லேப்டாப்பில் இப்போது இருப்பது லினக்ஸ் மின்ட் இயங்குதளம், சின்னமன் முகப்போடு. அதில் புது வரி சேர்ப்பது எளிது. இடது கீழ் மூலையில் இருக்கும் மெனு பொத்தானில் வலது கிளிக் செய்து 'கான்ஃபிகர்' என்பதற்குப் போ. அங்கே மெனு என்ற பகுதியில் மெனு எடிட்டரைத் திறக்கும் பொத்தான் இருக்கும். எடிட்டரில் இடப்பக்கம் பிரிவுகள், வலப்பக்கம் அந்தப் பிரிவில் உள்ள புரோகிராம்கள். 'நியூ ஐட்டம்' என்பதை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். பெயர், கட்டளை, குறிப்பு, இவைதான் அதில் முக்கியம். பெயர் இருக்கும் இடத்தில் தமிழிலேயே அடி. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகையைப் போட்டு வைத்திருக்கிறாய், அதுவே போதும். (1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. அம்மாவும் அதில் பழகுவது நல்லது, உயிரெழுத்து இடப்பக்கம், மெய் வலப்பக்கம் என்று கைக்குப் பிடிபட்டுவிடும்.)

கட்டளை என்ற இடத்தில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். அங்கே புரோகிராமின் பெயரையும், அதை அடுத்து ஃபைலின் முழு முகவரியையும் எழுத வேண்டும். முழு முகவரி என்றால் மேலே வேரில் இருந்து, ஹோம், உன் பயனர் பெயர், டாக்குமென்ட்ஸ் என்று கடைசி வரைக்கும். டெர்மினலில் ஹோம் ஃபோல்டரைக் குறிக்க நாம் போடும் அலைக்கோடு இங்கே செல்லாது. டெர்மினலில் கட்டளைகளைப் படித்து இயக்குவது ஷெல். மெனு அந்தக் கட்டளையை ஷெல்லிடம் கொடுப்பதில்லை, தானே நேராக இயக்குகிறது. அலைக்கோட்டை விரித்துப் படிக்க அங்கே ஆள் இல்லை. டெர்மினலில் ஓடும் கட்டளை மெனுவில் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஃபைல் பெயரில் இடைவெளி இருந்தால் முகவரி முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் வை. இல்லாவிட்டால் பெயரில் இடைவெளியே விடாதே, அதுதான் எனக்குப் பிடித்த வழி.

எடிட்டர் இதையெல்லாம் எங்கே எழுதி வைக்கிறது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். லேப்டாப் பழுதாகி வேறு வாங்கினாலும் அம்மாவின் மெனு அப்படியே கூட வர வேண்டும் அல்லவா? ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்து. மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். புள்ளியில் தொடங்கும் 'லோக்கல்', அதற்குள் 'ஷேர்', அதற்குள் 'அப்ளிகேஷன்ஸ்'. மெனுவில் நீ சேர்த்த ஒவ்வொரு வரியும் அங்கே 'டெஸ்க்டாப்' என்ற பின்னொட்டோடு ஒரு சின்ன ஃபைலாக இருக்கும். வெறும் எழுத்து ஃபைல்தான், எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். முதல் வரி 'டெஸ்க்டாப் என்ட்ரி' என்று சதுர அடைப்புக்குள். அதற்குக் கீழே இது என்ன வகை, பெயர் என்ன, எதை இயக்க வேண்டும், எந்தப் படம், எந்தப் பிரிவு என்று வரிக்கு ஒன்றாக.

இந்த ஃபைல் முறைக்கு ஒரு வரலாறு உண்டு, எனக்கு அதன்மேல் தனி மரியாதை. லினக்ஸில் க்னோம், கேடிஇ என்று முகப்புகள் பல. ஆளுக்கொரு விதமாக மெனு வைத்துக்கொண்டால், புரோகிராம் எழுதுகிறவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வேலை செய்ய வேண்டும். 2000-ஆம் ஆண்டில் ஹாவக் பென்னிங்டன் என்பவர் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் என்ற கூட்டுமுயற்சியில் இதற்குப் பொது விதி வகுத்தார்கள். அதனால்தான் உன் மின்ட்டில் எழுதிய ஃபைலை நாளைக்கு வேறு எந்த லினக்ஸுக்குக் கொண்டுபோனாலும் அப்படியே வேலை செய்யும். அந்த விதியிலேயே மொழிக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். பெயர் வரிக்குக் கீழே இன்னொரு பெயர் வரி எழுதி, சதுர அடைப்புக்குள் தமிழுக்கான டி, ஏ என்ற இரண்டு எழுத்தைப் போட்டால், கணினி தமிழில் இருக்கும்போது அந்தப் பெயர் தெரியும், ஆங்கிலத்தில் இருக்கும்போது மற்றது. நீ முகப்பை ஆங்கிலத்திலேயே வைத்திருப்பதால் முதல் பெயர் வரியையே தமிழில் எழுதிவிடு. யூனிகோடு எழுத்துதான், எந்தத் தடையும் இல்லை.

'கீவேர்ட்ஸ்' என்ற வரியையும் விட்டுவிடாதே. அதில் ஏலம், காய், கணக்கு, எடை என்று அம்மா வாயில் வரும் சொற்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரைப்புள்ளி போடு. மெனுவின் தேடும் பெட்டியில் அவர் 'காய்' என்று அடித்தாலும் கணக்கு வந்து நிற்கும். பிரிவு வரியை எழுத மறந்தால் உன் வரி 'அதர்' என்ற மூலைக்குப் போய்விடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கணினியோடு வந்த புரோகிராம்களின் டெஸ்க்டாப் ஃபைல்கள் 'யூஎஸ்ஆர்' என்ற பொது ஃபோல்டரில் இருக்கின்றன. அவற்றின்மேல் கை வைக்காதே. அடுத்த அப்டேட் வந்ததும் நீ மாற்றியது அழிந்துவிடும். மாற்ற வேண்டுமானால் அதை அதே பெயரில் உன் 'அப்ளிகேஷன்ஸ்' ஃபோல்டருக்கு நகலெடுத்து, நகலில் மாற்று. ஒரே பெயரில் இரண்டு இருந்தால் உன்னுடையதைத்தான் மெனு எடுத்துக்கொள்ளும். அம்மாவுக்குத் தேவையில்லாத வரிகளை மறைக்கவும் இதுவே வழி, நகலில் 'நோ டிஸ்ப்ளே' என்று எழுதி 'ட்ரூ' (உண்மை) என்று வைத்தால் போதும். புரோகிராம் அப்படியே இருக்கும், மெனுவில் மட்டும் தெரியாது.

சரி, எந்தெந்த வரி வேண்டும்? நான் யோசித்ததைச் சொல்கிறேன், நீ அம்மாவிடம் கேட்டு முடிவு செய். முதலில் ஏலக்காய் கணக்கு. அடுத்து சம்பளம்: வாரக் கடைசியில் கங்காணி பேர்ப் பட்டியலோடு வந்து நிற்கும்போது உடனே திறக்க வேண்டும். ஆட்களை ஏற்றிப்போகும் பூப்பாறை ஜீப் திரும்பி மேட்டுக்கு ஏறுவதற்குள் கூலி போட்டு முடிக்க வேண்டுமே. மூன்றாவது ஏல விலை. நறுமணப் பொருள் வாரியம் போடியிலும் புத்தடியிலும் நடத்தும் மின்னணு ஏலத்தின் அன்றாட விலை அவர்கள் இணையதளத்தில் வருகிறது. மின்ட்டில் 'வெப் ஆப்ஸ்' என்ற கருவி 2021-இல் இருந்து கூடவே வருகிறது. அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துப் பெயரைத் தமிழில் எழுதினால், அதுவும் மெனுவில் ஒரு புரோகிராம் மாதிரி நிற்கும். அதிகபட்ச விலையையும் சராசரியையும் பார்த்துவிட்டுத்தான் அம்மா ஏலத்துக்கு லாட் போடுவதா, காத்திருப்பதா என்று முடிவு செய்கிறார். இதுவரை அதற்கு ஊரில் நாலு பேருக்குப் போன் போட வேண்டியிருந்தது.

நான்காவதுதான் முக்கியம். பென் டிரைவில் நகலெடுக்கும் வரி. மழைக்காலத்தில் கரன்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று உனக்கே தெரியும். ஒரு வருஷக் கணக்கு ஒரே டிஸ்க்கில் இருக்கக் கூடாது. கணக்கு ஃபோல்டரைப் பென் டிரைவுக்கு நகலெடுக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அதை ஹோம் ஃபோல்டரில் சேமித்து, வலது கிளிக்கில் 'ப்ராப்பர்ட்டீஸ்', 'பெர்மிஷன்ஸ்' என்று போய், இயக்க அனுமதி கொடு. மெனு வரியில் 'லாஞ்ச் இன் டெர்மினல்' என்பதற்கு டிக் போடு. பென் டிரைவ் செருகவில்லை என்றால் தமிழில் அப்படியே சொல்லும், நகல் முடிந்தாலும் சொல்லும். எண்டர் அழுத்தும்வரை அந்த ஜன்னல் மூடாதபடி கடைசியில் ஒரு வரி வைத்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் கண்ணிமைப்பதற்குள் மூடிவிடும், நடந்ததா இல்லையா என்று அம்மாவுக்குத் தெரியாது.

ஒவ்வொரு வரிக்கும் ஒரு படம் வை. ஏலக்காய்க்கு ஏலக்காயையே போனில் படமெடுத்து வெள்ளைப் பின்னணியில் வெட்டி வை, நம் தோட்டத்து ஞள்ளானி ரகக் காயே இருக்கட்டும். நாலு வரியையும் பிடித்தவை பட்டியலிலும் சேர்த்துவிட்டால் மெனு திறந்தவுடன் இடப்பக்கமே படமாகத் தெரியும்.

சித்தப்பா கடையில் விண்டோஸ். அங்கேயும் கேட்டால் சொல்லிக் கொடு: விண்டோஸ் விசையும் ஆரும் அழுத்தி, வரும் பெட்டியில் 'ஷெல்', முக்காற்புள்ளி, 'புரோகிராம்ஸ்' என்று அடித்தால் ஸ்டார்ட் மெனுவின் ஃபோல்டர் திறக்கும். அதில் குறுக்குவழியை ஒட்டித் தமிழில் பெயர் மாற்றினால் முடிந்தது.

இவ்வளவு விரித்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, பாப்பா. 2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் அதில் போட்டுக் கொடுத்தார்கள். அதற்கும் சில ஆண்டுகள் முன்னாலேயே, ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியிருந்தது. நல்ல முயற்சிகள். அப்போது லேப்டாப் வாங்கிய என் கூட்டாளிகள் பலர் லினக்ஸ் பக்கம் போகவே இல்லை. அதன் மெனுவை நம் வீட்டு வேலைக்கு ஏற்ப, நம் மொழியில் மாற்றிக்கொள்ளலாம் என்று எங்களுக்கு யாரும் காட்டவில்லை. கணினி எப்படி வந்ததோ அப்படியே இருக்கும், நாம்தான் அதற்கேற்பப் பழக வேண்டும் என்று நினைத்துவிட்டோம். அந்த நினைப்பு அம்மாவரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது, அது போக வேண்டும். தோட்டத்தையும் ஸ்டோரையும் ஆட்களையும் நடத்துகிற ஒருவர், ஒரு மெனுவின் முன்னால் தனக்கு ஒன்றும் தெரியாது என்று கை கட்டி நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

வரிகளைச் சேர்த்து முடித்ததும் அம்மாவையே உட்கார வை. ஒரு நாள் வரவை அவரே திறந்து, எழுதி, சேமித்து, பென் டிரைவில் நகலெடுத்து முடிக்கும்வரை நீ மவுஸைத் தொடாதே. எங்கே தயங்குகிறார் என்று மட்டும் கவனித்து, அந்த இடத்துப் பெயரை அவர் சொல்லும் சொல்லாலேயே மாற்று. ஸ்கிரிப்டை அடிக்கும்போது ஒரு கவனம்: தனித்தாளில் இருப்பவை ஆங்கில எழுத்து, பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினால் லினக்ஸுக்கு அது வேறு ஃபைல், பார்த்து அடி.

அன்புடன்,
அண்ணன்