தடுப்புத் தகட்டுக்குப் பின்னால்

மர்ஹூம் அத்தா விட்டுச் சென்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் பதினான்கு ஆண்டுகள் எங்கள் மயிலாப்பூர் வீட்டின் பக்கச் சந்தில் தார்ப்பாய் போர்த்தியபடி நின்றது. சின்ன மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு வழி தேடிய நாள்களில்தான் அதைச் சீராக்கி விற்கலாம் என்ற எண்ணம் வந்தது. கார் எனக்கு மட்டும் உரியதன்று. நான்கு பங்கில் இரண்டு எனக்கு. மற்ற இரண்டும் அக்காவுக்கும் தங்கைக்கும் ஒவ்வொன்று. இருவரும் சம்மதித்தனர். அடையாற்றிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, வேலை முடிந்ததும் எடுத்துக்கொள்வதாக விலையும் பேசி முடித்தார்.

ஹெரால்டை இன்றைய பிள்ளைகள் அறியமாட்டார்கள். 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் வண்டலூர்த் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரித்த கார் அது. பிரிட்டனில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் சென்னைப் பிறப்பு. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. அதே சேஸிஸைக் குறுக்கித்தான் 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஹெரால்டுகளும் அங்கே ஓடின. எங்கள் கார் அப்படியெல்லாம் ஓடவில்லை. அத்தாவின் பாண்டி பஜார் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே அமைதியாகப் போய்வந்தது.

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டுக்கும் பொதுவான ஒரு விசித்திரம் உண்டு. பானெட்டைத் திறந்தால் மட்கார்டுகளும் விளக்குகளும் சேர்ந்து முன்முகம் முழுவதுமே முன்னோக்கிக் கவிழ்ந்துவிடும். எஞ்சினைச் சுற்றி நின்று வேலை செய்ய அத்தனை வசதி. முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைச் சரிசெய்யலாம். ஆனால் மற்ற கார்களில் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே நிலையாக நிற்கும் உட்சுவர் இங்கே இல்லை. அந்த வேலையைச் செய்பவை சேஸிஸின் இருபுறமும் திருகப்படும் இரண்டு தடுப்புகள்தாம். ஸ்பிட்ஃபயரில் அவற்றைத் தடித்த அட்டையில் செய்தார்கள். நீர் பட்டுப்பட்டு ஊறி உதிர்ந்துவிடும். எங்கள் காரில் எதுவுமே மிஞ்சவில்லை. திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. எந்தப் பழுதுபார்ப்பின்போது யார் கழற்றி வீசினாரோ! தடுப்பு இல்லாவிட்டால் சக்கரம் வாரி இறைக்கும் நீர் நேராக டிஸ்ட்ரிபியூட்டரில் போய் விழும். ஒரு கார்த்திகை மழையில் லஸ் முனையில் கார் நின்றுபோய், அத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளியதும், நாங்கள் மூவரும் பின்னிருக்கையில் சிரித்ததும் நினைவிருக்கிறது. சிரித்திருக்கக் கூடாது.

இப்போது மழையை விடத் தூசியே பெரும்பாடு. மெட்ரோ பணிகளால் கச்சேரி சாலையும் பனகல் பூங்காப் பக்கமும் பட்ட பாட்டை இங்கே வசிப்பவர்கள் அறிவார்கள். அந்தத் தூசி எண்ணெய்க் கசிவோடு சேர்ந்தால் டைனமோவின் மேலும் ஸ்டார்ட்டரின் மேலும் சேறாக அப்பிக்கொள்ளும். ஆகவே தடுப்புகளைப் புதிதாகச் செய்வது என்று முடிவு செய்தேன்.

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை வெட்டி முதலில் மாதிரி எடுத்தோம். மூன்று முறை வெட்டிய பிறகே வளைவு சரியாக வந்தது. அதை வைத்து அலுமினியத் தகட்டில் கோடு கிழித்தோம். கடற்காற்று அடிக்கும் ஊரில் அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொண்டால் அரிப்பு விரைவில் பிடிக்கும் என்பதால் நடுவே ரப்பர் வாஷர். ஓரங்களில் பழைய டியூபை வெட்டி விளிம்பு. இன்னொன்றும் உண்டு: தூசிக்குப் பயந்து எல்லாவற்றையும் இறுக மூடிவிடவும் கூடாது. ரேடியேட்டர் வழியாக வரும் காற்று வெளியேற வழி வேண்டும். சித்திரை வெயிலில் எஞ்சின் கொதித்துவிடும். எனவே எக்ஸாஸ்ட் பக்கம் இரண்டு விரல் இடைவெளி விட்டு, அடிப்பகுதியையும் திறந்தே வைத்தோம்.

வலப்பக்கத் தகடு ஒரே நாளில் ஏறிவிட்டது. இடப்பக்கம் பழைய துளைகளைச் சுத்தம் செய்தபோது, கம்பி பிரஷ்ஷின் கீழே கறுப்புப் பெயின்ட் தோலாக உரிந்தது. அதன் அடியில் பட்டி. பட்டியை நெம்பியதும் சேஸிஸ் இரும்பில் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் துருத் துளையும், அதிலிருந்து கீழ்நோக்கி ஓடும் விரிசலும் தெரிந்தன. முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் இடத்திலிருந்து ஓர் அடிகூட இல்லை. எந்தப் பட்டறையிலோ எவரோ பற்றவைக்க வேண்டியதைப் பட்டி வைத்து மெழுகி, பெயின்ட் அடித்து, அத்தாவிடம் பணமும் வாங்கியிருக்கிறார். அதன் பிறகும் அத்தா எங்களை ஏற்றிக்கொண்டு எத்தனை முறை அடையாறு பாலத்தைக் கடந்திருப்பார்!

மெக்கானிக் அண்ணன் நல்லவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலாகத்தான் சொன்னார்: "விடுங்க பாய். தகடு மேல ஏறிட்டா தெரியவே தெரியாது. வாங்குறவரு என்ன, தினமும் ஓட்டப் போறாரா? ஷோவுக்கு வெச்சிருப்பாரு."

நான் பதில் சொல்லவில்லை. தகட்டை எடுத்து வைத்து மூன்று திருகாணிகளை முடுக்கினேன். இதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்: மூன்றையும் என் கையால்தான் முடுக்கினேன். கட்டணத்தின் கடைசித் தேதி மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தகடு அழகாக, தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோல் உட்கார்ந்தது.

அஸருக்குப் பாங்கு சொன்னது. கச்சேரி சாலைப் பள்ளிவாசலுக்கு நடந்தேன். மதரஸாவில் சிறு வயதில் கேட்ட அந்தத் தானியக் குவியலின் சம்பவம் வழியெல்லாம் கூடவே வந்தது. கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டதும், மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னதும், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கேட்டதும் நாம் எல்லோரும் அறிந்ததே. நான் எப்போதும் அந்த வியாபாரியைப் பெரிய மோசடிக்காரனாகவே கற்பனை செய்துவந்திருக்கிறேன். அன்றுதான் அவனும் யாருக்கோ கட்டணம் கட்ட வேண்டியவனாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அவன் ஈரத்தை உண்டாக்கவில்லை, மழை பெய்தது. நானும் துருவை உண்டாக்கவில்லை.

திரும்பி வந்து அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். விலை குறைந்தால் அவர்களுடைய பங்கும் குறையும். அவர்களைக் கேட்காமல் நான் மட்டும் நல்லவனாகிவிட முடியாது அல்லவா? அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அதுலயா நம்மள ஏத்திக்கிட்டுப் போனாங்க அத்தா?" என்று மட்டும் கேட்டாள். தங்கைக்கு வருத்தம் இருந்தது. அவளுக்கும் செலவுகள் இருக்கின்றன. இரண்டு நாள் கழித்துத்தான் சரி என்றாள்.

சனிக்கிழமை அடையாற்றுக்காரர் வந்தபோது இடப்பக்கத் தகடு தரையில் கிடந்தது. அவர் கைபேசி வெளிச்சத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "யோசித்துச் சொல்கிறேன்" என்று போனவரிடமிருந்து மூன்று வாரம் பேச்சில்லை. கட்டணத்தை என் மைத்துனரிடம் கைமாற்றாக வாங்கிக் கட்டினேன்.

அந்த இடைவெளியில் அரித்த பகுதியை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புது இரும்பு வைத்துப் பற்றவைத்து, ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு கொடுத்தோம். வெல்டிங்குக்குக் கூலி கேட்க மெக்கானிக் அண்ணனுக்குக் கூச்சம். பாதியைத்தான் வாங்கிக்கொண்டார். தகட்டை அதன் பிறகு அவரே மாட்டினார்.

அடையாற்றுக்காரர் ஒருநாள் சொல்லாமலே வந்து நின்றார். முன்பு பேசிய விலையில் அறுபதாயிரம் குறைத்துக் கேட்டார். பற்றவைத்த செலவு எங்களுடையது. ஒப்புக்கொண்டோம். பணத்தை எண்ணுவதற்கு முன் ஒரு ஸ்க்ரூடிரைவர் கேட்டார். இடப்பக்கத் தகட்டின் ஆறு திருகாணிகளையும் அவரே கழற்றி, உள்ளே விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, அவரே திரும்ப மாட்டினார். ரப்பர் வாஷர் ஒன்று கை நழுவிச் சந்துக்குள் உருண்டது. சின்ன மகள்தான் தேடி எடுத்து வந்து கொடுத்தாள்.