அம்மாவின் கப்பல் சீட்டும் ஒரு வரவுக் கணக்கும்



பள்ளி விடுமுறை நாட்களின் மாலை வேளைகளில் அம்மாவை ஜார்ஜ்டவுன் கடலோரத்திற்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். கார்ன்வாலிஸ் கோட்டையைத் தாண்டி, விக்டோரியா மகாராணியின் வைர விழா நினைவாக எழுப்பப்பட்ட மணிக்கூண்டின் அருகே நின்றால் ஸ்வெட்டன்ஹம் துறை தெரியும். 1904ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அத்துறையில், இப்போது பத்து மாடி, பன்னிரண்டு மாடி உயரமுள்ள உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அவற்றை அண்ணாந்து பார்த்தபடி அம்மா ஒவ்வொரு முறையும் சொல்லும் சொற்கள் இவை: "ரஜுலா இவ்ளோ பெருசு இல்ல தம்பி. ஆனா அதுல எவ்ளோ சனம்!"

அம்மா 1952இல், தம் ஏழாம் அகவையில், நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜுலா' கப்பலில் பினாங்கு வந்தவர். 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட அக்கப்பல், சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று பல்லாண்டுகள் நம்மவர்களைச் சுமந்தது. நாகையில் கப்பல் கரையை அணைய இயலாது. படகேறிச் சென்று நடுக்கடலில் கப்பலேற வேண்டும். பாட்டி பாயை விரித்த இடமே மேல்தளத்தில் அவர்களது 'அறை'. அம்மாவுக்கு அப்பயணத்தில் நினைவிருப்பவை மூன்று: படகின் ஆட்டம், ஊறுகாய் மணம், விடியலில் தெரிந்த பினாங்கு மலை.

'இன்னொரு முறை கப்பலில் வந்து அந்த மலையைப் பார்க்க வேண்டும்' என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அதை நிறைவேற்றப் போய் நான் கற்ற பாடங்களையே இங்கே எழுதுகின்றேன். பிள்ளைகளுக்குக் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியனாகிய நான், என் கணக்கில் எங்கே தவறினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன்.

2019 செப்டம்பரில், பயண முகவர் ஒருவர் வழியாக, சிங்கப்பூரில் புறப்பட்டுப் பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் நான்கு இரவுப் பயணத்திற்கு மூவருக்குப் பதிவு செய்தேன். அப்பா, அம்மா, நான். மூவருக்கும் ஒரே அறை. அடிப்படைக் கட்டணம் ஆளுக்கு 2,000 வெள்ளி. முன்பணம் ஆளுக்கு 400 வெள்ளி. எஞ்சிய தொகையைப் புறப்பாட்டிற்கு 75 நாட்களுக்கு முன்பே செலுத்திவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். பயண நாள் 2020 மார்ச் 16. பள்ளித் தவணை விடுமுறை வாரம். டிசம்பர் முடிவதற்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டேன்.

முன்பணத்தில் இரு வகை உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒன்று, குறித்த நாளுக்குள் பயணத்தைக் கைவிட்டால் திரும்பக் கிடைப்பது. மற்றொன்று, என்ன நேர்ந்தாலும் திரும்பாதது. பின்னதில் கட்டணம் சற்றே குறைவாக இருக்கும். அந்தக் குறைவு எதன் விலை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. முழுத் தொகையும் செலுத்திய பின்னர் கைவிட்டாலோ, நாள் நெருங்க நெருங்க அபராதம் படிப்படியாக ஏறி, இறுதியில் முழுக் கட்டணமும் போய்விடும். எனினும் துறைமுகக் கட்டணமும் அரசு வரியும் ஏறாத பயணிக்குரியவை அல்ல. அவற்றைப் பெரும்பாலான நிறுவனங்கள் திருப்பித் தருகின்றன. நாம் கேட்க வேண்டும், அவ்வளவே.

அதன்பின் நடந்ததை அனைவரும் அறிவீர்கள். 2020 மார்ச் தொடக்கத்தில் 'கோஸ்டா ஃபோர்ச்சுனா' என்ற கப்பலுக்குப் புக்கெட்டும் இடமளிக்கவில்லை; நம் பினாங்கும் இடமளிக்கவில்லை. மார்ச் 10ஆம் நாள் அது சிங்கப்பூரில் பயணிகளை இறக்கியது. அடுத்த சில நாட்களில் உலகமெங்கும் உல்லாசக் கப்பல்கள் நின்றன. எங்கள் பயணம் புறப்பாட்டிற்கு மூன்று நாள் முன்பு நீக்கப்பட்டது. மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது.

நிறுவனம் இரண்டு வழிகளை முன்வைத்தது. கட்டிய பணத்தை அப்படியே திரும்பப் பெறலாம். அல்லது, வருங்காலப் பயணத்திற்கான 'கிரெடிட்'டாக 125 விழுக்காடு பெறலாம். 2,000 வெள்ளிக்கு 2,500. மூவருக்கு 6,000 என்பது 7,500 ஆகும். 'வீட்டில் அடைந்து கிடக்கும்போதே 1,500 வெள்ளி வருகிறதே' என்று மகிழ்ந்து இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அப்பா மட்டும், "காசு கைக்கு வரட்டும்பா, கப்பல் எங்க போயிடப் போகுது?" என்றார். நான் கேட்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சி. 'கிரெடிட்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'வரவு' என்று எழுதினால் நம் கைக்கு ஏதோ வந்துவிட்டதைப் போன்ற மயக்கம் உண்டாகிறது. உண்மையில் வந்தது ஒரு மின்மடல் மட்டுமே. பணம் அவர்களிடம் இருந்தது. ஆகவே அது நிறுவனம் நமக்குப் பட்ட கடன். ஈடு இல்லாமல், வட்டிக்குப் பதில் 25 விழுக்காட்டு ஆசையைப் பெற்றுக்கொண்டு, நாம் கொடுத்த கைமாற்று. அதைக் 'கடன்' என்று மொழிபெயர்த்திருந்தேனானால் அன்றே கொஞ்சம் தயங்கியிருப்பேன்.

இக்கடன் எத்தன்மையது என்பதை 2022 ஜனவரியில் பலரும் உணர்ந்தனர். 1993இல் 'ஸ்டார் குரூசஸ்' என்று தொடங்கி, நம்மவர் பலரை முதன்முதலாக உல்லாசக் கப்பலில் ஏற்றிய தொழிலை நடத்திவந்த கெந்திங் ஹாங்காங் நிறுவனம், பெர்முடா நீதிமன்றத்தில் கலைப்பு மனுவைத் தாக்கல் செய்தது. ஒரு நிறுவனம் கலைக்கப்படும்போது, ஈடு பெற்றுக் கடன் கொடுத்த வங்கிகள் முன்வரிசையில் நிற்கும். சீட்டும் கிரெடிட்டும் வைத்திருப்போர் கடைசி வரிசைகளில் நிற்க வேண்டியதுதான். நாங்கள் பதிவு செய்தது வேறொரு நிறுவனத்தில். எனினும் அச்செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கு முன்பே எங்கள் வீட்டில் பெரிய இழப்பு ஒன்று நேர்ந்துவிட்டது. 2021 ஆகஸ்டில் அப்பா காலமானார்.

சடங்குகள் முடிந்த சில வாரங்களில், அப்பாவின் கிரெடிட்டை அம்மாவின் பெயருக்கு மாற்றித் தருமாறு முகவருக்கு எழுதினேன். 'பெயர் மாற்ற இயலாது' என்று ஒற்றை வரியில் மறுமொழி வந்தது. அப்போதுதான் விதிகளை முதன்முறையாக முழுமையாகப் படித்தேன். கிரெடிட் பயணிக்குப் பயணி தனித்தனியே வழங்கப்படுகிறது. ஒருவருடையதை மற்றவர் பயன்படுத்த முடியாது. பதிவு செய்ய ஒரு கெடு. பயணம் செய்ய வேறொரு கெடு. இரண்டையும் ஒன்றென எண்ணி ஏமாறுவோர் பலர். அடிப்படைக் கட்டணத்திற்கு மட்டுமே அது செல்லும். துறைமுகக் கட்டணம், வரி, நாள்தோறும் கணக்கில் ஏறும் பணியாளர் அன்பளிப்பு ஆகியவற்றிற்கு நாம் தனியே பணம் கட்ட வேண்டும். 'கப்பலில் செலவிடும் கிரெடிட்' என்பது முற்றிலும் வேறு. அது கப்பலில் உணவு, கடை, கரைச்சுற்றுலா போன்றவற்றிற்கு உரியது. பயணம் முடியும்போது மீதி இருந்தால் பெரும்பாலும் அழிந்துவிடும்.

நான் விடவில்லை. இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், முதலில் பணம் கட்டிய பற்றுச்சீட்டு ஆகிய மூன்றையும் இணைத்து மீண்டும் எழுதினேன். நம் நாட்டில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இயங்குகிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டு செல்லலாம். கட்டணம் வெறும் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. உரிமை எழுந்த மூன்றாண்டுகளுக்குள் செல்ல வேண்டும். இச்செய்திகளை மடலின் இறுதியில் பணிவாகக் குறிப்பிட்டேன். 1969 முதல் இயங்கிவரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் இத்தனை காலம் ஊட்டிய விழிப்புணர்வு எனக்குக் கைகொடுத்தது என்றே சொல்வேன். நான்கு மாதங்களுக்குப் பின் அப்பாவின் 2,000 வெள்ளி திரும்பி வந்தது. கூடுதல் 500 வரவில்லை.

வெற்றி பெற்ற மகிழ்ச்சியோடு அம்மாவிடம் சொன்னேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பாவோட சீட்ட வித்துட்டியா?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

2022 நவம்பரில், கெடு முடிவதற்குச் சில வாரங்களே இருந்த நிலையில், எஞ்சிய இருவருக்கும் பதிவு செய்தேன். அதே பயணத்தின் கட்டணம் 2,900 வெள்ளி ஆகியிருந்தது. 2,500 வெள்ளிக் கிரெடிட்டைக் கழித்து, ஆளுக்கு 400 மேலும் கட்டினேன். என் 25 விழுக்காட்டு ஆதாயம் அப்படிக் கரைந்தது. பயணம் 2023 மார்ச் தொடக்கத்தில்.

இனி, கப்பலேறும் விதிகள். கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். அம்மாவுடையது 2023 ஜூனில் முடிவதாக இருந்தது. மூத்த குடிமக்களுக்குரிய 100 வெள்ளியைக் கட்டிப் புதுப்பித்தோம். கடப்பிதழ் எண் மாறியதால், பதிவிலும் எண்ணை மாற்றச் சொன்னேன். அத்துடன் சிங்கப்பூருக்குள் நுழைவதற்கான வருகை அட்டையை, சென்று சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இவையனைத்தையும் செய்தும், சிங்கப்பூர்க் கப்பல் முனையத்தில் அம்மாவை நிறுத்திவிட்டார்கள்.

காரணம், நம் பெயர். மலேசியத் தமிழர் கடப்பிதழில் பெயர் ஒரே தொடராக, 'அ/லெ' அல்லது 'அ/பெ' என்ற குறியோடு நிற்கிறது. குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்கு இல்லை. பதிவுப் படிவமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கேட்கும். இயந்திரம் படிக்கும் வரியில் சாய்கோட்டிற்கே இடமில்லை. முகவர் அலுவலகத்தில் எவரோ அம்மாவின் குடும்பப் பெயராக அப்பாவின் பெயரை இட்டிருந்தனர். கடப்பிதழில் இருப்பதோ தாத்தாவின் பெயர். ஏறுமுகம் மூட ஒரு மணி நேரமே இருந்தது. கப்பல் புறப்படும் நேரம் வேறு, பதிவு முகப்பு மூடும் நேரம் வேறு. முகப்பு மூடிய பின் வருவோரைக் கப்பல் கண்ணெதிரே நின்றாலும் ஏற்றமாட்டார்கள்.

நாற்பது நிமிடங்கள் கழிந்தன. அம்மா நாற்காலியில் அமர்ந்து அமைதியாகச் சொன்னார்: "எங்கப்பா வந்தப்ப பேரையே தப்பா எழுதினாங்களாம். ஆனா ஏத்திக்கிட்டாங்க."

தாத்தா 1937இல் தோட்ட வேலைக்கு வந்தவர். அவர் சீட்டுக்குப் பணம் கட்டவில்லை. தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த தொகையைக் கொண்டு 1907இல் அமைந்த குடியேற்ற நிதி அச்செலவை ஏற்றது. அதற்கும் முற்பட்ட ஒப்பந்தக் கூலி முறையில், 1910இல் அது ஒழியும்வரை, பயணச் செலவே முன்பணமாகித் தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது. அன்று முன்பணம் வாங்கியவர் கட்டுண்டார். இன்று முன்பணம் கொடுத்தவர் கட்டுண்கிறார். அவருக்கு விதிகளைப் படித்துச் சொல்ல எவருமில்லை. எனக்குப் படிக்கத் தெரிந்திருந்தும் படிக்கவில்லை.

இறுதியில் கடப்பிதழின் படம் தலைமை அலுவலகத்திற்கு அனுப்பப்பட்டு, பெயர் திருத்தப்பட்டு, ஏறினோம். இரண்டாம் நாள் விடியலில் மேல்தளத்திற்குச் சென்றோம். மங்கிய ஒளியில் பினாங்கு மலை தெரிந்தது. அம்மா வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு தம் பக்கத்தில் இருந்த வெற்று நாற்காலியைத் தொட்டு, "அப்பாவும் பார்த்திருப்பாரு" என்றார்.

ஸ்வெட்டன்ஹம் துறையில் இறங்கி, குயின் தெரு மாரியம்மன் கோயிலில் அப்பாவின் பெயருக்கு அர்ச்சனை செய்தோம். வீடு பக்கத்தில்தான். ஆயினும் அங்கேயே தங்கிவிட இயலாது. இடைத்துறையில் பயணத்தை முடித்துக்கொள்ள முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். குறித்த நேரத்தில் கப்பலுக்குத் திரும்பாவிட்டால் அது நமக்காகக் காத்திராது. சொந்த ஊரில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்த விந்தை அன்று வாய்த்தது.

அன்பர்களே, கப்பல் பயணம் திட்டமிடுவோர் இவற்றை மட்டும் மறவாதீர்கள். முகவரின் சுற்றுலா அமைச்சு உரிமத்தைச் சரிபாருங்கள். முன்பணம் திரும்புமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம், கிரெடிட் என்று இரண்டும் கிடைத்தால் பணத்தையே கேளுங்கள். கிரெடிட்தான் என்றால், யார் பெயருக்கு, எந்த நாள்வரை, எதற்கெல்லாம் செல்லும், பயணி இறந்தால் என்னவாகும் என்ற நான்கையும் கேளுங்கள். கடப்பிதழில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

வயதான பெற்றோரை அழைத்துச் செல்ல எண்ணுவோருக்கு இன்னும் ஒன்று. கிரெடிட்டுக்குக் கெடு நீட்டித்துத் தருவார்கள். பெற்றோருக்கு அப்படி எவரும் நீட்டித்துத் தருவதில்லை.