ஒன்பதரை மணி நேரமும் ஒரு பன்னும்

ஒரு படம் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்றால் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நடுவுல எத்தனை இன்டர்வெல்?" இரண்டாவது கேள்வி, "கடைசியில ஹீரோ என்ன ஆவான்?" இதற்குப் பதில் சொல்லிவிட்டால் படம் பார்க்கிற சிரமம் மிச்சம்!

'தி ஹ்யூமன் கண்டிஷன்' என்ற ஜப்பானியப் படத்தைச் சொல்கிறேன். ஜுன்பெய் கோமிகாவா எழுதிய ஆறு பாக நாவல். டைரக்டர் மசாகி கோபயாஷி அதை மூன்று படமாக எடுத்தார். முதல் இரண்டும் 1959-லும், மூன்றாவது 1961-லும் வந்தன. கறுப்பு வெள்ளை. டூயட் கிடையாது, காமெடி டிராக் கிடையாது. நான் டி.வி.டி. போட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்தேன்.

இரண்டாவது ஞாயிறு, காபி டம்ளரோடு எட்டிப் பார்த்த என் மனைவி, "அந்த ஆள் இன்னுமா வீட்டுக்குப் போய்ச் சேரலை? தீபாவளிக் கூட்டத்துலயே பஸ் அதுக்குள்ள திருநெல்வேலி போயிடுமே!" என்றாள். நியாயமான கேள்வி. ஒரு மனிதன் மனைவியிடம் திரும்பிப் போக நடக்கிறான், அவ்வளவுதான் கடைசிப் பாகம். அதற்கு இத்தனை நேரம் வேண்டுமா?

முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. தெரிய வேண்டாம் என்பவர்கள் இப்போதே ஜோக் பக்கத்துக்குத் தாண்டிவிடலாம்.

கதாநாயகன் காஜி (தட்சுயா நகாதாய்). இரண்டாம் உலகப் போர் நேரம். ஜப்பான் பிடியில் இருந்த மஞ்சூரியாவில், ஒரு சுரங்கத்தில் தொழிலாளர்களை மேய்க்கிற உத்தியோகம். அதை ஒப்புக்கொண்டால் பட்டாளத்துக்குப் போக வேண்டாம், புது மனைவி மிச்சிகோவுடன் இருக்கலாம். ஆனால் ராணுவம் சீனக் கைதிகளை மின்சார வேலிக்குள் அடைத்து, 'இவர்களிடம் வேலை வாங்கு' என்று அவன் தலையில் கட்டுகிறது. தப்பியோட முயன்றதாகச் சிலரை வரிசையாக நிறுத்தித் தலையை வெட்டும்போது, பாதியில் குறுக்கே போய் நிறுத்தச் சொல்கிறான் காஜி. கிடைத்த பரிசு சித்திரவதை. அப்புறம் எந்தப் பட்டாளத்துக்குப் பயந்தானோ அதே பட்டாளம்.

இரண்டாவது படம் முழுக்க அந்தப் பட்டாளம்தான். புதுசாக வந்தவனைப் பழைய சிப்பாய் அறைவது, அறை வாங்கினவன் அடுத்த வருஷம் இன்னொருத்தனை அறைவது. கோபயாஷிக்கு இதெல்லாம் கேள்வி ஞானம் இல்லை. 1942-ல் பட்டாளத்தில் சேர்க்கப்பட்டு மஞ்சூரியாவுக்குப் போனவர். பதவி உயர்வு கொடுத்தும் வேண்டாம் என்று சாதாரணச் சிப்பாயாகவே இருந்தவர். கடைசியில் போர்க் கைதியாகவும் இருந்தார்.

மூன்றாவது படத்தில் ஜப்பான் தோற்கிறது. காஜி காட்டிலும் மேட்டிலும் நடக்கிறான், நடக்கிறான், நடந்துகொண்டே இருக்கிறான். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. காட்டு வழியில் அரை மணி நேரம் வெட்டியிருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. ஆனால் கடைசிப் பகுதி வேறு ரகம்.

சோவியத் கைதி முகாமில் கிரிஹாரா என்று ஒரு ஜப்பானியன். சக கைதிகளையே அடித்து நொறுக்குகிற அயோக்கியன். காஜி தம்பி மாதிரி பார்த்துக்கொண்ட பையன் அவனால் செத்துப் போகிறான். காஜி கிரிஹாராவைச் சங்கிலியாலேயே அடித்துக் கழிவறையில் சாகடிக்கிறான்.

நம் ஊர்த் தியேட்டராக இருந்தால் வில்லன் சாகும்போது விசில் கூரையைப் பிய்க்கும். இங்கே கை தட்டத் தோன்றவில்லை. வாளுக்குக் குறுக்கே போய் நின்றவன் இவன்தானே? அறைக்கு அறை கொடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டவன் இவன்தானே? அவன் கையில் சங்கிலி வந்து சேர எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு அங்குலமாக அவன் இறங்கியதை நாம் கூடவே இருந்து பார்த்திருக்கிறோம். இதையே இரண்டு மணி நேரப் படமாகச் சுருக்கியிருந்தால் வெறும் பழிவாங்கல் கதை.

பிறகு அவன் முகாமிலிருந்து தப்பிக்கிறான். பனி. கந்தல் உடை. மிச்சிகோவுக்குக் கொடுக்க ஒரு பன். பசி உயிரை எடுக்கிறது, ஆனாலும் அதைத் தின்னாமல் வைத்திருக்கிறான். அவளோடு மனசுக்குள் பேசிக்கொண்டே நடந்து, விழுகிறான். எழுந்திருக்கவில்லை. மேலே பனி பெய்து ஒரு சின்ன மேடாகிறது. படம் முடிந்தது.

மூன்றாவது ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வந்த என் அக்கா பையன் கடைசி இருபது நிமிஷம் மட்டும் பார்த்தான். "யாரோ பிச்சைக்காரர் பனியில விழுந்து செத்துட்டார். இதுக்கா மாமா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?" என்றான்.

அவன் பார்த்தது அவ்வளவுதான், பார்த்ததைச் சொன்னான். தெருவில் விழுந்து கிடக்கிற யாரைப் பார்த்தாலும் நமக்கும் அதற்கு மேல் தெரிவதில்லை. அந்த ஆள் எதையெல்லாம் தாண்டி வந்தான், கையில் இருப்பது யாருக்காக என்றெல்லாம் விசாரிக்க யாருக்கு நேரம்? கோபயாஷி ஒரே ஒரு மனிதனுக்காவது அந்த நேரத்தை ஒதுக்கியிருக்கிறார். அதனால்தான் அந்தப் பன் என்ன விலை பெறும் என்று எனக்குத் தெரிந்தது, பையனுக்குத் தெரியவில்லை.

அதனால் என் தீர்ப்பு: நீளம் தகும். அந்தக் காட்டு வழி அரை மணி நேரம் நீங்கலாக! பார்ப்பதானால் மூன்று ஞாயிறு ஒதுக்கி வரிசையாகப் பாருங்கள். அவ்வளவு நேரம் இல்லை என்றால் முதல் படம் மட்டும் போதும், அது தனியாகவே நிற்கும். கடைசிப் படத்தை மட்டும் தனியாகப் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.