கியர் நகரலையா? முதல்ல பிரேக் லைட்டைப் பாருங்க

நைட் டியூட்டி முடிச்சு வீட்டுக்குக் கிளம்பறேன். என்னோடது ஆட்டோமேட்டிக் கார். எஞ்சின் ஓடுது, பிரேக்கை மிதிக்கிறேன், கியர் லிவர் 'பி'யை விட்டு அசையவே இல்லை.

போனில் மெக்கானிக், "கியர்பாக்ஸ் போயிருக்கும் சார், பெரிய செலவு" என்றார். நாடி பார்க்காமலே ஆபரேஷன்!

எங்க ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். "பிரேக்கை மிதிங்க சார்" என்று காருக்குப் பின்னால் போய் நின்றார். "லைட்டே எரியலையே!"

நோய் அங்கேதான்.

பிரேக் பெடலுக்கு மேலே ஒரு சின்ன ஸ்விட்ச். பல கார்களில் பிரேக் லைட்டை எரியவைப்பதும் அதுதான், 'கால் பிரேக்கில் இருக்கு, பூட்டைத் திற' என்று லிவருக்குச் சொல்வதும் அதுதான். அது பழுதானால் இரண்டும் போச்சு. சில சமயம் ஃப்யூஸ் போயிருந்தாலும் இப்படி ஆகும்.

அவசரத்துக்கு லிவர் பக்கத்திலேயே பூட்டை விடுவிக்க வழி இருக்கும்; கார் கையேட்டைப் பாருங்க. ஆனா அது வலி மாத்திரை மாதிரிதான். அதோட நிறுத்திடாதீங்க.

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். ஒரு வாரமாவே லிவர் அப்பப்போ முரண்டு பிடிச்சது. ரெண்டு தடவை மிதிச்சு சமாளிச்சேன். அப்போ பிரேக் லைட்டும் எரிஞ்சிருக்காது. பின்னால் பைக்கில் வந்தவர்களை நினைச்சா இப்பவும் பதறுது. "லேசான வலிதானே டாக்டர்" என்று தள்ளிப்போடும் நோயாளியைத் திட்டுற நானே இப்படி.

ஸ்விட்ச் மாத்தியாச்சு. கியர்பாக்ஸ் நல்லா இருக்கு.

இன்னைக்கு ராத்திரி காரைச் சுவர் பக்கம் நிறுத்தி பிரேக்கை மிதிங்க. சுவரில் சிவப்பு தெரியுதா?