காலி வண்டியை அளந்தோம்!

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளை ஆம்னி இருக்கிறது. 2012-ல் கடைக்காக வாங்கியது. திண்டுக்கல்லில் எனக்கு மளிகைக்கடை. வார நாட்களில் அரிசி மூட்டை, எண்ணெய் டின். ஞாயிற்றுக்கிழமை என்றால் குடும்பம். இன்ஜின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் முன்னால் பானெட் கிடையாது. என் அம்மா அதற்கு வைத்த பெயர் ‘மூஞ்சி இல்லாத வண்டி’. 2019-ல் மாருதி ஆம்னி தயாரிப்பையே நிறுத்திவிட, அதன் மேல் எங்களுக்குப் பாசம் இன்னும் கூடிப்போனது.

கோவையில் வேலை பார்க்கும் என் மகனுக்கும் அந்த வண்டி என்றால் உயிர். ஆனால், அவன் பாசம் வேறு வகை. செல்போனில் படம் படமாகக் காட்டுவான். தரையோடு தரையாகப் பதுங்கிய வேன்கள், மட்கார்டை நிறைக்கும் பெரிய அலாய் வீல்கள்.

“அப்பா, நம்ம வண்டிக்கு 12 இன்ச் வீல். சைக்கிள் ரிக்‌ஷா மாதிரி இருக்கு. கொஞ்சம் இறக்கி, 13 இன்ச் போட்டா எப்படி இருக்கும் தெரியுமா?”

இரண்டு வருடம் மறுத்தேன். ஒரு தீபாவளிக்கு அவன் மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. “அவன் சம்பாத்தியத்துல ஆசைப்படுறான். எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடாதீங்க” என்றாள் மனைவி. சரி என்றேன்.

ஒரு பட்டறையில் வண்டியை விட்டான். முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்று வெட்டினார்கள். பின்பக்கக் கமான் பட்டைகளில் ஒன்றை உருவினார்கள். வண்டி 5 சென்டிமீட்டர் இறங்கியது. 13 இன்ச் அலாய் வீலில் 155/80 அளவு டயர் மாட்டினார்கள். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தது. “பாருங்கப்பா, இடிக்கவே இல்ல” என்றான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, எனக்கும் பிடித்துவிட்டது.

அடுத்த மாதம் பேத்திக்குப் பழனியில் மொட்டை, காதுகுத்து. விடியற்காலையில் கிளம்பினோம். நான், மனைவி, அம்மா, மகன், மகள், மாப்பிள்ளை, மடியில் பேத்தி. பின்னால் பொங்கல் பானை, சாமான் பைகள். ஊர் தாண்டும் முன்பே சின்னச் சின்ன உரசல் சத்தம். “புது டயர், பழகிடும்” என்றான் மகன். ஒட்டன்சத்திரம் நெருங்கும்போது ஒரு வேகத்தடையில் அடிப்பகுதி ‘கர்ர்’ என்று இழுபட்டது. கொஞ்ச தூரத்தில் ரப்பர் கருகும் நாற்றம். பேத்தி இருமியபடி எழுந்துகொண்டாள்.

நிறுத்தி இறங்கிப் பார்த்தால், பின் டயரின் தோள் பகுதி சீவிவிட்ட மாதிரி இருந்தது. உள்ளே நூல் தெரிந்தது. இன்னும் பத்து கிலோமீட்டர் போயிருந்தால் வெடித்திருக்கும். மகள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். மகன் முகத்தில் ரத்தமே இல்லை.

அருகில் ஒரு பஞ்சர் கடை. அங்கிருந்த பெரியவர் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“தம்பி, வண்டிய அளந்தப்ப உள்ள எத்தன பேர் இருந்தாங்க?”

யாருமே இல்லை. காலி வண்டியைத்தான் அளந்தோம்.

அவரே ஒரு சாக்பீஸ் எடுத்துத் தரையில் கணக்குப் போட்டார். பழைய டயரின் மொத்த விட்டம் சுமார் 54 சென்டிமீட்டர். புதியது சுமார் 58. அதில் பாதி, அதாவது 2 சென்டிமீட்டர், மேல் நோக்கி மட்கார்டுக்குள் ஏறுகிறது. வண்டியோ 5 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. ஆக, காலியாக நிற்கும்போதே 7 சென்டிமீட்டர் இடைவெளி போய்விட்டது. ஒரு பட்டையை வேறு உருவிவிட்டதால், ஆள் ஏறினால் பின்பக்கம் இன்னும் அமுங்கும். மிச்சமிருந்த விரலளவு இடமும் பேத்தியின் காதுகுத்துச் சாமானுக்கே போய்விட்டது.

“இன்னொண்ணும் இருக்கு தம்பி. டயர் பெருசானா மீட்டர் தப்பாக் காட்டும். நீங்க 60-னு நெனச்சு ஓட்டுறப்ப வண்டி 64-ல போகும்” என்றார்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினோம். முட்டி வலிக்காரியான அம்மாவுக்கு பஸ் படி எட்டவில்லை. மகன்தான் அவளை இரண்டு கையாலும் தூக்கி ஏற்றினான். “வண்டியக் கீழ எறக்குன, அப்பத்தாவ மேல ஏத்துற. கணக்கு சரியாப் போச்சுடா ராசா” என்றாள் அம்மா. பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். திட்ட வேண்டும் என்று நினைத்திருந்த எனக்கு, அதற்கு மேல் வாய் வரவில்லை. சம்மதித்தவன் நானும்தானே!

சாயங்காலம் திரும்பி வந்தபோது, பெரியவர் அளவு ஒத்த பழைய டயர் ஒன்றைத் தேடி மாட்டி வைத்திருந்தார். நானும் மகனும் மட்டும் வண்டியை மெதுவாக ஓட்டி வந்தோம்.

வெட்டிய ஸ்பிரிங்கை ஒட்ட முடியாது. புதிதாக வாங்கினோம். பட்டையைத் திரும்பச் சேர்த்தோம். பழைய 12 இன்ச் வீலுக்கே கறுப்புப் பெயின்ட் அடித்து மாட்டினான் மகன்.

அதற்குப் பிறகு அவன் தேடித் தேடிக் கற்றதை, வீல் மாற்ற நினைக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக இங்கே சொல்கிறேன். 155/80 R13 என்றால், 155 டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம், அந்த அகலத்தில் எத்தனை சதவிகிதம் என்று. 13 ரிம்மின் விட்டம், இன்ச்சில். ரிம் பெரிதானால் பக்கச் சுவர் அதற்கேற்பக் குறைய வேண்டும். மொத்த விட்டம் பழையபடியே இருக்க வேண்டும். நாங்கள் தவறவிட்டது இதைத்தான். அடுத்து, டயரில் இருக்கும் சுமை எண். 73 என்றால் ஒரு டயர் 365 கிலோ தாங்கும், 80 என்றால் 450 கிலோ. மூட்டை ஏற்றும் வண்டிக்கு இதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்திருக்கிறது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்தப் பட்டறையில் யாரும் எங்களிடம் இதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

போன மாதம் மகன் தனக்கென ஒரு பழைய கார் வாங்கினான். வாங்குவதற்கு முன் வீட்டு வாசலில் நிறுத்தி, எங்கள் எல்லோரையும் ஏறி உட்காரச் சொன்னான். அப்பத்தாவைக் கைபிடித்து ஏற்றி, பேத்தியை அவள் மடியில் வைத்தான். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்கு அருகில் குனிந்தான்.

“என்னடா பண்ற?” என்றாள் அம்மா.

“ஆள் ஏறின வண்டிய அளக்குறேன் அப்பத்தா.”